5 வருசம் பிஎஸ்6 (புது பொகை விதி) டீசல் வண்டி ஓட்டியாச்சு, அந்த ஆரஞ்சு லைட் மட்டும் விட மாட்டேங்குது

போன வாரம் மூணாவது தடவையா டிபிஎஃப் (பொகைல வர்ற கரிய புடிக்கற ஃபில்டர்) அடைச்சுக்கிச்சு, 14 ஆயிரம் பில். அன்னைக்குன்னு பாத்து ஃப்ரெண்டு போன் பண்ணி "மாப்ள, செகண்ட்ஸ்ல ஒரு டீசல் வருது, எடுக்கலாமா"ன்னு கேட்டான், அவனுக்கு சொன்னத இங்கயும் போடறேன்.

மைலேஜ், புல்லிங் ரெண்டும் அருமை, பாண்டில டீசலும் கம்மி. தலைவலி அந்த ஃபில்டர் தான். மஞ்சக்குப்பம் டு பாண்டி தெனம் 22 கிமீ, கன்னியகோயில்ல நின்னு கிருமாம்பாக்கத்துல நின்னு அரியாங்குப்பத்துல உருண்டுன்னு போனா, உள்ள சேர்ற கரி எரிய வேண்டிய 600 டிகிரி சூடு எங்கேர்ந்து வரும்? லைட் வந்துடும். அந்தக் கரிய எரிக்கவே ஞாயித்துக்கிழமை வேற வேலையே இல்லாம காலாப்பட்டு தாண்டி மரக்காணம் வரைக்கும் நாலாவது கியர்ல சீரா ஓட்டிட்டு வரேன், மிச்சம் புடிச்ச காசு அதுலயே போகுது.

ஷெட்ல சொல்றாங்க, "ஃபில்டர எடுத்துட்டு சாஃப்ட்வேர மாத்திடலாம் சார், பொகை டெஸ்ட்லயும் பாஸ் ஆகிடும்"னு. ஆகும் தான், அந்த டெஸ்ட் பொகை எவ்ளோ கருப்புன்னு தான பாக்குது, முடி தடிமன்ல முப்பதுல ஒரு பங்கு கூட இல்லாத தூச எண்ணுறதில்லையே. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

எங்கப்பாக்கு வீசிங். பஸ் பின்னாடி சிக்னல்ல ஸ்கூட்டர்ல நின்னார்னா அன்னைக்கு ராத்திரியே இழுப்பு, நெபுலைசர், ரெண்டு நாள் கடை மூடல். அந்த நஷ்டத்த எந்த பஸ்காரன் தருவான்? டீசல் பொகைய 2012லயே உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு பீடி சிகரெட் இருக்கற அதே முதல் குரூப்ல வச்சாச்சு.

என்னோட பழைய 2011 வண்டி சைலன்சர்ல விரல விட்டா சட்டி அடிக்கரி மாதிரி ஒட்டும், சோப்பு போட்டாலும் ரேகைல நிக்கும். இந்த வண்டில அஞ்சு வருசம் கழிச்சு வெள்ளத் துணி விட்டுத் தொடச்சேன், வெறும் மண்ணு தான் வந்துச்சு. எவ்ளோ சந்தோசமா இருந்துச்சு தெரியுமா, அந்த ஃபில்டர போய் பிடுங்கச் சொல்றாங்க.

ஆனாலும் மாப்ள, உன் ஓட்டமும் என்ன மாதிரி நின்னு நின்னு தான்னா டீசல் வேணாம், பெட்ரோலே எடு. இல்ல பிஎஸ்6 டீசல் தான் வேணும்னா, இஞ்சின் ஆறினப்புறம் சைலன்சர்ல விரல விட்டுப் பாரு. கருப்பா வந்தா ஃபில்டர பிடுங்கியிருப்பான் இல்ல ஒடஞ்சிருக்கும், அந்த வண்டியத் தொடாத.