ஹாக்ஸ்பரி கனூ கிளாசிக்: கரையில் நின்று பார்த்த ஓர் இரவு

சிட்னிக்கு வடமேற்கே உள்ள வின்ட்சரில் சனிக்கிழமை மாலை புறப்பட்டு, இரவு முழுவதும் ஹாக்ஸ்பரி ஆற்றில் துடுப்பு வலித்து, கடல் வாசம் அடிக்கத் தொடங்கும் ப்ரூக்ளினில் கரையேறுவதுதான் ஹாக்ஸ்பரி கனூ கிளாசிக். தூரம் 111 கிலோமீட்டர். 1977இல் தொடங்கிய இந்த நிகழ்வு, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு உதவும் ஆரோ அறக்கட்டளைக்காக நிதி திரட்டுகிறது. சோதனைச் சாவடிகளில் எண் குறிப்பவர்களும், பாதுகாப்புப் படகுகளில் காவல் நிற்பவர்களும், சூப் ஊற்றித் தருபவர்களும் தன்னார்வலர்களே. என் மனைவியின் தம்பி தன் அலுவலக நண்பருடன், இருவர் துடுப்பு வலிக்கும் கயாக் படகில் பதிவு செய்தபோது, கரைக்குழுவாக நானும் மனைவியும் வரவேண்டும் என்றான். படகில் ஏறாத ஒருவனின் மதிப்பீடாகவே இதை எழுதுகிறேன். இத்தகைய நிகழ்வின் தரத்தைக் கரையில் காத்திருப்பவர்தான் நன்றாக அறிவார் என்பது என் எண்ணம்.

கரைக்குழுவின் வேலை என்னவென்று பலருக்குத் தெரிவதில்லை. படகு வரும் இடத்திற்கு முன்கூட்டியே காரில் போய், உலர்ந்த உடை, சூடான உணவு, தண்ணீர், போர்வை, உபரி மின்விளக்கு ஆகியவற்றோடு காத்திருக்க வேண்டும். வந்தவர் தொடரும் நிலையில் இருக்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் வேண்டும். தொடர முடியாது என்று முடிவெடுத்தால் உடனே சாவடியில் தெரிவிப்பது கட்டாயம். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடும் ஒருவருக்காக, தூக்கத்தைத் துறந்து வந்தவர்கள் இருட்டில் ஆற்றைத் துழாவ வேண்டியிருக்கும்.

இந்த ஆற்றின் சிறப்பும் சிரமமும் ஓதத்தில் இருக்கின்றன. கடலின் ஏற்றமும் வற்றமும் வின்ட்சர் வரையிலும் எட்டுகின்றன. ஆனால் கடற்கரையில் ஏற்றம் வரும் நேரத்துக்கும் மேல் ஆற்றில் வரும் நேரத்துக்கும் இடையே மணிக்கணக்கில் வித்தியாசம் உண்டு. வற்றத்தோடு போகும்போது படகு தானே நழுவிச் செல்வது போலிருக்கும். ஏற்றம் எதிர்த்து வரத் தொடங்கினால், அதே உழைப்புக்குப் பாதித் தூரம் போவதே கடினம். மெதுவாகப் போகிறவர்கள் ஒரே இரவில் இரண்டையும் சந்திப்பார்கள். ஆகவே முதல் முறை வருபவர்கள் தோள் வலிமையை நம்புவதற்கு முன் ஓத அட்டவணையை மனப்பாடம் செய்வது நல்லது. போட்டியில் விருப்பமில்லாமல் போய்ச் சேர்ந்தாலே போதும் என்பவர்களுக்காக ‘ப்ரூக்ளின் ஆர் பஸ்ட்’ என்ற தனிப் பிரிவு இருக்கிறது. எங்கள் பையன்கள் அதில்தான் சேர்ந்திருந்தார்கள். சாக்வில், லோயர் போர்ட்லண்ட், வெப்ஸ் கிரீக், வைஸ்மன்ஸ் ஃபெர்ரி ஆகிய நான்கு இடங்களில், ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு கார்களை ஏற்றிச் செல்லும் ஃபெர்ரிகள் ஓடுவதால், அவற்றுக்கு ஒதுங்கி வழிவிடவும் தெரிந்திருக்க வேண்டும்.

இருட்டிய பிறகு ஆற்றில் படகுகள் தெரிவதில்லை. அவற்றில் கட்டியிருக்கும் ஒளிக்குச்சிகள் மட்டும் தண்ணீருக்குச் சற்று மேலே மிதந்து வருகின்றன. பாதித் தூரத்துக்குச் சற்று அப்பால் உள்ள வைஸ்மன்ஸ் ஃபெர்ரியில் நாங்கள் நின்றபோது நள்ளிரவு கடந்திருந்தது. முழங்கால் அளவு நீரில், பிரதிபலிக்கும் மேலங்கி அணிந்த, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஒளி நெருங்கும்போதெல்லாம் “எண்ணைச் சொல்லுங்கள்” என்று குரல் கொடுப்பார். படகிலிருந்து பதில் வந்ததும், அதை ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்வார். கரையில் இருந்த இளைஞர் தாளில் நேரத்தோடு எழுதுவார். எழுதியதை மறுபடி வாசித்துக் காட்டிய பிறகே அந்தப் பெண்மணி அடுத்த ஒளியின் பக்கம் திரும்புவார். நான் பார்த்த இரண்டு மணி நேரத்தில் ஒரு படகுக்குக்கூட இந்த முறையை அவர் சுருக்கவில்லை.

இதன் அருமை எனக்குப் புரிந்தது, எங்கள் படகு தாமதமானபோது. பன்னிரண்டரைக்கு எதிர்பார்த்தவர்கள் ஒரு மணியாகியும் வரவில்லை. பள்ளத்தாக்கில் பல இடங்களில் கைப்பேசி எடுப்பதில்லை. தகவல் தொடர்பைக் கவனிப்பவர்கள், அவசரகாலங்களில் உதவும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் அமைப்பான வைசென் உறுப்பினர்கள். அவர்களுடைய மேசைக்குப் போய் எண்ணைச் சொன்னேன். தலை நிமிராமல் விரலைப் பட்டியலில் ஓடவிட்டு, முந்தைய சாவடியை அவர்கள் எத்தனை மணிக்குக் கடந்தார்கள், இருவரும் படகில் இருந்தார்களா என்பதைச் சொல்லிவிட்டு, “இந்த வேகத்தில் இன்னும் இருபது நிமிடம்” என்றார் ஒருவர். என் மனைவி அதுவரை பிடித்திருந்த மூச்சை அங்கேதான் விட்டாள். ஒன்று இருபதுக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

தாமதத்துக்குக் காரணம் நிகழ்வு நடத்துபவர்கள் அல்லர். கயாக்கை வாடகைக்குத் தந்த கடையில், இருக்கைத் துளையை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டைப் பொருந்தாத அளவில் கொடுத்திருந்தார்கள். கடையிலேயே போட்டுப் பார்க்கக் கேட்டதற்கு, எல்லாம் ஒரே அளவுதான் என்று மறுத்திருந்தார்கள். “அத்தான், இடுப்புக்குக் கீழே முழுக்கத் தண்ணி” என்றான் மைத்துனன், பற்கள் தந்தியடிக்க. வழியில் இரண்டு முறை கரையேறித் தண்ணீரை இறைத்திருக்கிறார்கள். வாடகைக் கயாக்கோடு வர நினைப்பவர்கள், அதே உடை, அதே மேலங்கியோடு உட்கார்ந்து, ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பார்க்காமல் வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உலர்ந்த உடை மாற்றி, எங்கள் ரசத்தைக் குடித்து, இரண்டு மணிக்கு மீண்டும் இறங்கினார்கள்.

நிதி திரட்டல் பற்றியும் சொல்ல வேண்டும். மஜ்ஜைக் கொடையில் பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனப் பின்னணி கொண்டவர்களிடையே அமைகிறது. தெற்காசியக் கொடையாளர்களோ பதிவேடுகளில் குறைவு. மைத்துனன் நன்கொடை கேட்டு அனுப்பிய செய்தியைப் பார்த்து, சிட்னியின் புறநகர்களான டூங்காபியிலும் வென்ட்வொர்த்வில்லிலும் உள்ள எங்கள் தமிழ் நண்பர்கள் பணம் அனுப்பினார்கள். அவர்களில் இருவர் கொடையாளராகப் பதிவு செய்வது எப்படி என்றும் விசாரித்தார்கள். அந்த இரண்டு விசாரிப்புகளை நான் பணத்தைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

காலை எட்டு நாற்பதுக்கு ப்ரூக்ளினில் அவர்கள் கரையேறியபோது, ஒருவர் படகைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மைத்துனனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார், கால் மரத்திருக்கும் என்று கேளாமலே தெரிந்தவர் போல. மேசையில் எங்கள் எண்ணுக்கு நேராகக் கோடு போட்டார்கள். படகைக் காரின் மேல் கட்டிவிட்டு நன்றி சொல்லப் போனேன். பட்டியலில் இன்னும் சில எண்கள் கோடில்லாமல் இருந்தன. இரவெல்லாம் விழித்திருந்த அந்த மேசைக்காரர்கள், தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி ஆற்றின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.