சொந்தக் கார் இல்லாதவனுக்கு ஒரு கார் இன்சூரன்ஸ்: நான்-ஓனர் பாலிசி அனுபவம்

இங்கே கலிஃபோர்னியாவில் என் காரை விற்றதிலிருந்து, சில வருஷமாக நான் கட்டிக்கொண்டு வருவது நான்-ஓனர் (non-owner, அதாவது வண்டிக்குச் சொந்தக்காரர் அல்லாதவருக்கான) பாலிசி. வண்டி நம்முடையதாக இருக்காது, ஆனால் அவ்வப்போது இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஓட்டுவோம். அப்படி ஓட்டும்போது நம்மால் அடுத்தவருக்குக் காயமோ சேதமோ ஆனால் அதற்குப் பணம் தருகிற லயபிலிட்டி இன்சூரன்ஸ் இது. நாம் ஓட்டிய வண்டியே நசுங்கினால் இதில் சல்லிக்காசு கிடைக்காது. இதை எடுப்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

வாங்குவதே ஒரு கூத்து. ஆன்லைனில் பிரீமியம் எவ்வளவு என்று பார்க்கப் போனால் முதல் பக்கத்திலேயே வண்டியின் வருஷம், மாடல் கேட்கும், காலியாக விட்டால் நகராது. கடைசியில் போனில்தான் முடிந்தது. ரென்யூவல் பற்றிக் கேட்கக் கூப்பிட்டாலும் "உங்கள் வண்டி எது சார்?" என்றே ஆரம்பிக்கிறார்கள். வண்டியே கிடையாதம்மா, அதனால்தான் இந்தப் பாலிசி என்று ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கிறது.

நண்பரின் காரை ஓட்டி இடித்துவிட்டால் முதலில் பணம் தருவது அவருடைய இன்சூரன்ஸ். அது போதாமல் போனால்தான் நம்முடையது வரும். அவர் பாலிசியில் எதிராளி வண்டிக்கு 15,000 டாலர் வரைதான் உண்டு, சேதம் 22,000 என்றால் மீதி 7,000 நம் பாலிசியின் வரம்புக்குள் வரும். அவரிடம்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே, நமக்கு எதற்கு என்று நானும் கேட்டேன். சில பாலிசிகளில் சொந்தக்காரர் ஓட்டினால் ஒரு தொகை, இரவல் வாங்கியவர் ஓட்டினால் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தொகை மட்டும்தான் என்று உள்ளே எழுதியிருக்கிறது. அந்தக் குறைந்தபட்சம் 2024 கடைசி வரை இங்கே 15/30/5, அதாவது ஒருவர் காயத்துக்கு 15,000, மொத்தக் காயத்துக்கு 30,000, பொருள் சேதத்துக்கு வெறும் 5,000 டாலர். 2025 ஜனவரி முதல் 30/60/15. இன்றைக்கு ஒரு புது எஸ்யூவியில் மோதினால் 15,000 எந்த மூலைக்கு? அதனால் நான் 100/300/50 எடுத்தேன். குறைந்தபட்சத்துக்கும் இதற்கும் பிரீமியம் வித்தியாசம் பெரிதாக இல்லை.

எனக்கு உண்மையில் உதவியது ரென்டல் கவுன்டரில். அந்தப் பையன் டேப்லெட்டை நம் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கட்டமாக டிக் போடச் சொல்வான், ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கில் பணம். லயபிலிட்டி கட்டத்தை இப்போது யோசிக்காமல் வேண்டாம் என்கிறேன். வாடகைக் காருக்கு ஆகும் சேதத்துக்குப் பல கிரெடிட் கார்டுகளில் பாதுகாப்பு உண்டு, லயபிலிட்டி கிடையாது. அதனால் இந்தப் பாலிசியும் கார்டும் சேர்ந்தால்தான் முழுசு. உங்கள் கார்டில் அது இல்லையென்றால் சேதத்துக்கான கட்டத்தை மட்டும் டிக் போடுங்கள்.

மைத்துனர் எங்களோடு தங்க வந்தபோதுதான் இன்னொரு சங்கதி இடித்தது. அவர் கார் வாசலிலேயே நிற்கிறது, சாவி கொக்கியில் தொங்குகிறது. ஒரே வீட்டில் இருப்பவரின் காரையும், நினைத்தபோது எடுக்கிற காரையும் இந்தப் பாலிசி ஏற்காது. அதற்கு அவர் பாலிசியில் என் பெயரை டிரைவராகச் சேர்த்தோம், அப்புறம்தான் சாவியைத் தொட்டேன். மனைவிக்கும் என் பாலிசி செல்லாது, பெயர் இருப்பவருக்கு மட்டும்தான். டெலிவரி வேலைக்கு ஓட்டுவதெல்லாம் கேட்கவே வேண்டாம்.

"இன்சூரன்ஸில் இடைவெளி விழுந்தால் நாளைக்குக் கார் வாங்கும்போது பிரீமியம் ஏறும்" என்று ஏஜென்ட் பயமுறுத்துவார். பல மாநிலங்களில் அது நிஜம்தான். கலிஃபோர்னியாவில், 1988-ல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த 103-வது பிரேரணையின்படி, முன்பு இன்சூரன்ஸ் இல்லை என்பதை மட்டும் வைத்து விலையை ஏற்றக்கூடாது. அதற்காக மட்டும் இங்கே எடுக்கப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். வருஷத்துக்கு ஓரிரு தடவைதான் வாடகைக் கார் என்றாலும் கவுன்டரிலேயே கட்டிவிடலாம். மாதாமாதம் யாராவது ஒருவரின் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர் எடுக்கட்டும்.