ஏலத் தோட்டத்தில் வயரில்லா சார்ஜிங்: இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு

வண்டன்மேட்டுப் பக்கம் எங்கள் ஏலத் தோட்டத்தில் மண் ஈரம் பார்க்கும் சென்சார் பெட்டிகள் பதினான்கு இருக்கின்றன. சோலார் வைக்க வேண்டியதுதானே என்று கேட்காத ஆள் இல்லை. ஏலத்துக்கு நிழல் வேண்டும். நிழலுக்குள் பேனலை வைத்து என்ன செய்ய?

முதலில் இருந்தவை யூஎஸ்பி துளை வைத்த பெட்டிகள். ஜூன் சாரலில் துளை மூடியைத் திறந்து மூடியே ரப்பர் தளர்ந்து, நான்கு போர்டுகள் பச்சை பூத்துப் போயின. ஒன்றில் எறும்பு குடித்தனம். அதனால்தான் துளையே இல்லாத பெட்டிக்கு மாறினேன். மூடிக்கு உள்பக்கம் ஒரு கம்பிச் சுருள், வெளியே க்யூ (Qi, மேலே வைத்தாலே வயரில்லாமல் சார்ஜ் ஏறும் முறை) வகை பவர் பேங்க். அதற்குப் பிறகு ஒரு பெட்டியிலும் தண்ணீர் இறங்கவில்லை. கொடுத்த காசு இதற்கே சரி.

தூரத்தில் நின்றே சார்ஜ் ஏற்றலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2007இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இரண்டு மீட்டர் தள்ளி 60 வாட் பல்பை எரியவிட்டார்கள். பாதிக்கு மேல் மின்சாரம் வழியிலேயே வீணானது. க்யூவில் சில மில்லிமீட்டர்தான். பவர் பேங்க் ஒரு விரல் நகர்ந்தாலும் போச்சு. பிவிசி பைப்பில் வளையம் அறுத்து மூடிமேல் ஒட்டினேன், இப்போது அசையாமல் உட்காருகிறது. மூடிக்குக் குறுக்கே போட்டிருந்த தகரப்பட்டை வேறு தொல்லை. காந்தப்புலம் பட்டு அது சூடேற, சார்ஜர் தானாக அணைந்துவிடும். பட்டையைக் கழற்றி நைலான் கயிறு கட்டினேன்.

இப்படி வயரில்லாமல் சார்ஜ் ஏற்றும் சென்சார் நெட்வொர்க் பற்றிய ஆய்வுகளில், சார்ஜர் வண்டி எந்த வழியில் சுற்றினால் ஒரு சென்சாரும் சாகாது என்று கணக்குப் போடுவார்கள். இங்கே அந்த வண்டி நான்தான், காலில் அட்டையோடு. முதலில் மேட்டிலிருந்து வரிசையாக இறங்கினேன். நான் போய்ச் சேருவதற்குள் ஓடைப் பள்ளத்தில் இரண்டு பெட்டிகள் செத்திருந்தன. அங்கே சிக்னல் மோசம், ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பியே பேட்டரியைத் தின்கின்றன. இப்போது வோல்டேஜ் குறைந்த பெட்டிக்குத்தான் முதல் நடை. கால் மணிக்கு ஒருமுறை அனுப்பியதை ஒரு மணிக்கு ஒருமுறை ஆக்கியதில் நடையும் பாதிக்கு மேல் குறைந்தது.

ஏறும் வேகம் ஆமைதான். காலையில் மூன்று பவர் பேங்கைக் கட்டிவிட்டு, சாயங்காலம் கம்பம் ஊருக்கு ஜீப் கிளம்புமுன் அவிழ்த்து வருகிறேன். போன வாரம் இரண்டுதான் இருந்தன. மூன்றாவதன் மேல் கங்காணி அண்ணனின் போன் படுத்திருந்தது.

"இதுக்கு நல்லா ஏறுது தம்பி" என்றார்.