கிளிப்புக்குப் பெயர் வைப்பது ஹார்ட் டிஸ்க்கிலா, எடிட்டிங் மென்பொருளிலா?

கொழும்பில் ஒரு கல்யாண வீட்டை இரண்டு கமராக்களில் படம் பிடித்தால் முந்நூறு, நானூறு கிளிப்புகள் குவிந்துவிடும். சோனி கமராக்கள் சி0001, சி0002 என்று எண்ணிக்கொண்டே போகும். இரண்டும் சோனியானால் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு காட்சிகள் இருக்கக்கூடும். பெயரை மாற்றத்தான் வேண்டும். எங்கே மாற்றுவது?

மென்பொருளுக்குள் மாற்றுவது எளிது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிளிப்பின் பெயர் வேறு, கோப்பின் பெயர் வேறு. முன்னதை மாற்றினாலும் டிஸ்க்கில் உள்ள கோப்பு அப்படியே இருக்கும். அடோபியின் பிரீமியர் மென்பொருளிலும் அப்படித்தான். வேலையின் நடுவிலும் அஞ்சாமல் மாற்றலாம். நான் நான்கு வருடங்கள் இப்படியே செய்தேன்.

இப்போது ஹார்ட் டிஸ்க்கிலேயே மாற்றிவிடுகிறேன். மென்பொருளில் வைத்த பெயர் புராஜெக்டுக்குள், அதாவது நம் எடிட்டிங் வேலையை மென்பொருள் சேமித்து வைக்கும் பதிவுக்குள், மட்டுமே வாழ்கிறது என்பதுதான் காரணம். ரிசால்வ் தன் புராஜெக்டுகளை ஒரு தரவுத்தளத்தில் சேமிக்கிறது. நாமாக இடம் மாற்றாவிட்டால் அது கணினியின் உள் டிஸ்க்கிலேயே இருக்கும். காட்சிகள் கிடப்பதோ வெளி டிஸ்க்கில்.

வெள்ளவத்தையில் ஒரு குடும்பம், கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடம் கழித்து, மணமகளின் அப்பப்பா அறுகரிசி போட்ட காட்சியை முழுதாகக் கேட்டது. நான் கொடுத்த வீடியோவில் அது மூன்று விநாடிதான். இதற்கிடையில் என் கணினி பழுதாகி, புராஜெக்டும் அதோடு போயிருந்தது. நான் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெளி டிஸ்க்கில் 412 கிளிப்புகள், எல்லாம் வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்து தேட இரண்டு இரவுகள் பிடித்தன. கடைசியில் கிடைத்தது, நாற்பது விநாடி. கை நடுங்க அந்தப் பெரியவர் மூன்று முறை அரிசி தூவுகிறார்.

அன்றிலிருந்து கமராவின் மெமரி கார்டைப் பிரதி எடுத்ததும், மென்பொருளைத் திறக்கும் முன்பே, பெயர் மாற்றி முடிக்கிறேன். முதலில் தேதி, பிறகு எந்தக் கமரா என்று காட்டும் எழுத்து, சடங்கின் பெயர், கடைசியில் கமரா தந்த பழைய எண். அந்த எண்ணை அழிக்கவே கூடாது. மூலப் பிரதியோடு ஒப்பிட அது ஒன்றுதான் துணை. சோனி ஒவ்வொரு கிளிப்போடும் எழுதும் சிறிய எக்ஸ்எம்எல் கோப்பின் பெயரையும் சேர்த்தே மாற்றுகிறேன். எடிட்டிங் தொடங்கிய பிறகு டிஸ்க்கில் பெயரை மாற்றினால், மென்பொருளுக்குக் கோப்புகள் அகப்படாமல், கிளிப்புகளை அடுக்கிய டைம்லைன் முழுவதும் ‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவந்துவிடும்.

நான் தனியாளாக வேலை செய்பவன். நாலைந்து பேர் சேர்ந்து எடிட் செய்யும் குறும்படம் போன்றவற்றில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே காட்சி எண்ணையும், அதை எத்தனையாவது முறை எடுத்தது என்ற டேக் எண்ணையும் மெட்டாடேட்டாவில் (கிளிப்பைப் பற்றிய குறிப்புகளில்) நிரப்பி, அதிலிருந்தே பெயர் அமையவிடும் ரிசால்வின் வழி பொருத்தமாக இருக்கலாம்.

கோப்ரோ என்ற சிறிய கமராவில் எடுத்த காட்சிகளின் பெயரை மட்டும் நானும் தொடுவதில்லை. நீண்ட பதிவை அது துண்டுகளாக்கி, துண்டின் வரிசையைக் கோப்பின் பெயரிலேயே எழுதுகிறது. அவற்றுக்குத் தனி ஃபோல்டர் போட்டு, பெயரை அந்த ஃபோல்டருக்கு வைக்கிறேன்.