சி.சி.என்.ஏ சொல்லித்தர பேக்கெட் ட்ரேசர் போதுமா? எல்லையோர மையங்களுக்கு ஒரு மதிப்பீடு

கேரள-தமிழக எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் சாயங்கால வகுப்பாக நெட்வொர்க்கிங் நடத்தும் சின்ன மையங்களுக்கு எந்தத் தளம் சரிப்படும் என்று கேட்டால், சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமிதான் என்று யோசிக்காமல் சொல்லலாம். ஆனால் அந்தப் பெருமை அதன் பாடத்துக்கு உரியதல்ல. கூடவே இலவசமாக வரும், கம்ப்யூட்டர் திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் மென்பொருளான பேக்கெட் ட்ரேசருக்கு உரியது. பாடம் சுமார்தான். ட்ரேசர் தங்கம்.

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சி.சி.என்.ஏவுக்கான பாடம் மூன்று பகுதி. முதல் பகுதி அறிமுகம், 17 மாட்யூல். இரண்டாவது ஸ்விட்ச்சிங், ரவுட்டிங், வயர்லெஸ், 16 மாட்யூல். மூன்றாவது பெரிய நிறுவன நெட்வொர்க், பாதுகாப்பு, ஆட்டோமேஷன், 14 மாட்யூல். ஒவ்வொன்றுக்கும் 70 மணி நேரம் என்பது கணக்கு. தினம் 2 மணி நேரம், வாரம் 5 நாள் என்றால் பகுதிக்கு 7 வாரம், மொத்தம் 21 வாரம். இந்தப் பக்கத்தில் ஓணத்துக்கும் லீவு, பொங்கலுக்கும் லீவு. ஆகவே ஆறு மாதம் என்று சொல்லியே பேட்ச் சேர்ப்பது நல்லது. மூன்று மாதத்தில் முடிப்பதாக நோட்டீஸ் அடிக்கும் இடங்களில் மூன்றாவது பகுதியைப் பெயருக்குத்தான் தொடுகிறார்கள்.

பாடத்தைக் கொடுத்திருக்கிற வரிசையில் நடத்தவே கூடாது. முதல் பகுதியின் 3-வது மாட்யூலில் ஓ.எஸ்.ஐ அடுக்குகள், அதாவது நெட்வொர்க் வேலையை ஏழாகப் பிரித்துக் காட்டும் மாதிரி, வருகின்றன. கையில் எதையும் தொடாத பையனுக்கு ஏழு அடுக்கை விளக்கினால் கொட்டாவிதான் வரும். 2-வது மாட்யூல் ஸ்விட்ச் (ஒரே நெட்வொர்க்கின் கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டி) அமைப்பு, 10-வது ரவுட்டர் (வேறு வேறு நெட்வொர்க்குகளை இணைக்கும் பெட்டி) அமைப்பு. இரண்டையும் முதல் வாரத்திலேயே முடித்துவிட்டு, பிறகு 3-க்குத் திரும்பலாம். அதேபோல 5-வதில் பைனரி, 11-வதில் ஐபி முகவரி என்று நடுவில் ஐந்து மாட்யூல் இடைவெளி. 11-க்கு வரும்போது பைனரி மறந்திருக்கும். இரண்டையும் ஒட்ட வைத்து நடத்துங்கள். 192.168.10.0/26 என்றால் நெட்வொர்க் 64, 64 முகவரியாகத் தாவும், ஒவ்வொன்றிலும் பயன்படுவது 62 முகவரி என்று காகிதமே இல்லாமல் சொல்ல வரும்வரை விடக்கூடாது. தேர்வு அறையில் கால்குலேட்டர் கிடையாது.

பாடம் ஆங்கிலம், கேள்வியும் ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகளுக்குச் செய்முறையில் ஒரு குறையும் இருக்காது. கேள்வியைப் படிப்பதில்தான் வழுக்கும். ‘இரண்டைத் தேர்ந்தெடு’ என்ற கேள்வியில் ஒன்றை மட்டும் குத்திவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். தினம் ஐந்து கேள்வியை வாய்விட்டுப் படிக்க வைத்து, எது கேட்கப்படுகிறது என்று தமிழில் சொல்லச் சொன்னால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

இனி ட்ரேசர். நிறுவுவதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழையதில் திறக்காது. வீட்டில் செய்து கொண்டுவரும் பிள்ளைகள் இதில்தான் மாட்டுவார்கள். நிறுவும் கோப்பைப் பென் டிரைவில் வைத்து மாணவர்களுக்கும் அதையே கொடுத்துவிடுங்கள். இரண்டாவது, திறக்கும்போது அகாடமி கணக்கில் உள்நுழையச் சொல்லும். கணக்கு தொடங்குவதை முதல் வகுப்பில் வைத்துக்கொண்டால் அன்றைய பொழுது மின்னஞ்சல் பாஸ்வேர்ட் தேடுவதிலேயே போய்விடும். முந்தின நாளே அவரவர் போனில் முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். உள்ளே போனபின் பயிற்சிக்கு இன்டர்நெட் பெரிதாகத் தேவைப்படாது. மழைக்காலத்தில் இது பெரிய சௌகரியம்.

முதல் நாள் பயிற்சியில் எல்லாப் பிள்ளைகளும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரை ஸ்விட்ச்சோடு கேபிளால் இணைத்ததும் ஸ்விட்ச் பக்கம் ஆரஞ்சு விளக்கு எரியும். தப்பு என்று நினைத்து கேபிளை அழித்து மறுபடி போடுவார்கள். மறுபடியும் ஆரஞ்சு. அது கோளாறே இல்லை. நெட்வொர்க்கில் பேக்கெட் சுற்றிச் சுற்றி வராமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ, கேட்பதற்கு 15 விநாடி, கற்பதற்கு 15 விநாடி எடுத்துக்கொள்கிறது. 30 விநாடி கழித்துத்தான் பச்சை. கேபிளை மாற்றினால் எண்ணிக்கை முதலில் இருந்து தொடங்கும். ஆல்ட், டி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நேரம் வேகமாக ஓடும். அதேபோல ரவுட்டரிலிருந்து முதல் முறை பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யும்போது ஒரு புள்ளியும் நான்கு ஆச்சரியக்குறியும் வந்தால் பயப்பட வேண்டாம். எதிர்ப்பக்கத்தின் மேக் முகவரியை (சாதனத்தின் வன்பொருள் முகவரி) ஏ.ஆர்.பி என்ற வழிமுறை தேடி முடிப்பதற்குள் முதல் பேக்கெட் விழுந்துவிடுகிறது. அடுத்த முறை ஐந்தும் போகும்.

தடுமாறும் இன்னொரு இடம், இரண்டு ரவுட்டர்களை நேரடியாக இணைக்கும் சீரியல் போர்ட். 1941, 2911 ரவுட்டர்களில் அது முதலில் இருக்காது; ஹெச்.டபிள்யூ.ஐ.சி-2டி அட்டையைச் செருக வேண்டும். செருக ரவுட்டரை அணைக்க வேண்டும். அணைத்தால் அதுவரை போட்ட கட்டளை எல்லாம் காணாமல் போகும், ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பான ரன்னிங் கான்ஃபிக்கை, அணைத்தாலும் அழியாத ஸ்டார்ட்டப்பில் காப்பி செய்திருந்தால் ஒழிய. ஆகவே அட்டையை முதலில் செருகிவிட்டுத்தான் கட்டளைக்கு வர வேண்டும். கோப்பைச் சேமிப்பது வேறு, ரவுட்டருக்குள் சேமிப்பது வேறு. இதைக் கரும்பலகையில் நிரந்தரமாக எழுதி வைக்கலாம். ‘நோ ஐபி டொமைன் லுக்கப்’ கட்டளையையும் முதல் வரியிலேயே போட வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு எழுத்துப் பிழைக்கு ரவுட்டர் அந்த வார்த்தையை டி.என்.எஸ்ஸில் (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவை) தேடப் போய்விடும், பையன் திரை உறைந்துவிட்டது என்று எழுந்து வருவான். கண்ட்ரோல், ஷிஃப்ட், 6 அழுத்தினால் வெளியே வரலாம்.

ட்ரேசரின் அருமை தெரிவது ஒரே ரவுட்டர் போர்ட்டில் இரண்டு வீலான்களை (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்குகளை) இணைக்கும் பயிற்சியில்தான். வீலான் 10-இல் ஒரு கம்ப்யூட்டர், 20-இல் ஒன்று, ஒரு 2960 ஸ்விட்ச், ஒரு ரவுட்டர். பிங் போகவில்லை என்றால் தேடும் வரிசை இது. ரவுட்டரின் உண்மையான போர்ட்டில் ‘நோ ஷட்டௌன்’ போட்டார்களா? அந்தப் போர்ட்டை வீலானுக்கு ஒன்றாகப் பிரித்த சப் இன்டர்ஃபேஸில் மட்டும் போட்டால் ஒன்றும் நடக்காது. எந்த வீலான் என்று சொல்லும் டாட்1க்யூ வரியை ஐபி முகவரிக்கு முன்னால் கொடுத்தார்களா? மாற்றிக் கொடுத்தால் ரவுட்டர் முகவரியை ஏற்காமல் ஒரு நீள வாக்கியத்தைக் கக்கும். அதைப் படிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஸ்விட்ச் பக்கப் போர்ட், பல வீலான்களைச் சுமக்கும் ட்ரங்க் ஆனதா? ரவுட்டர் தானாகப் பேசி ட்ரங்க் ஆக்காது, ஸ்விட்ச்சில் நாம்தான் சொல்ல வேண்டும். கடைசியாக, கம்ப்யூட்டரின் கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டர் முகவரி) எந்த வீலானுடையது? பெரும்பாலும் கோளாறு இந்த நான்குக்குள்தான் இருக்கும். சிமுலேஷன் மோடுக்கு மாற்றி, அந்தப் பேக்கெட் எந்தச் சாதனத்தில் நிற்கிறது என்று காட்டிவிட்டால் வகுப்புக்கே வெளிச்சம் வந்துவிடும்.

ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய வசதி பி.கே.ஏ கோப்பு. எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆக்டிவிட்டி விசார்ட் இருக்கிறது. முடிந்த நெட்வொர்க்கை விடையாக வைத்து, எந்தெந்த அமைப்புக்கு மதிப்பெண் என்று டிக் செய்து, பாதி உடைந்த நெட்வொர்க்கை மாணவருக்குக் கொடுத்தால், எத்தனை சதவீதம் முடித்தார் என்று அதுவே சொல்லும். பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டலாம். கவனிக்க வேண்டியது: பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தையும் பார்க்கும். எஸ்1 என்று பெரிய எழுத்தில் கேட்ட இடத்தில் சிறிய எழுத்தில் கொடுத்தால் நெட்வொர்க் ஓடும், மதிப்பெண் மட்டும் வராது. தேவையில்லாததையும் டிக் செய்து வைத்தால் சரியாகச் செய்தவருக்கும் 100 வராது. நீங்களே ஒருமுறை செய்து பார்க்காமல் கொடுக்க வேண்டாம்.

தளத்தில் உள்ள மாட்யூல் தேர்வுகளின் மதிப்பெண்ணை மட்டும் நம்பவே கூடாது. அந்தக் கேள்விகளும் விடைகளும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. 98 வாங்கிய பையன் ஒரு ட்ரங்க் போர்ட்டை அமைக்கத் திணறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பி.கே.ஏ மதிப்பெண்தான் உண்மை பேசும்.

ட்ரேசரிலும் குறை உண்டு. அது சிஸ்கோ சாதனங்களை இயக்கும் நிஜ ஐ.ஓ.எஸ் இல்லை, பாவனைதான். நிஜச் சாதனத்தில் ஓடும் சில கட்டளைகளை இது ஏற்காது. பிழை என்று திரை சொல்வது மாணவரின் தப்பா, மென்பொருளின் எல்லையா என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பழைய 2960 ஸ்விட்ச்சும் கன்சோல் கேபிளும் வாங்கி வைப்பது வீண் செலவல்ல. 9600 வேகத்தில் புட்டி (PuTTY) மென்பொருளைத் திறந்து நிஜப் பெட்டி பேசுவதைப் பார்த்த பிள்ளை நேர்காணலில் தடுமாறாது. ஆட்டோமேஷன் பகுதிக்கும் ட்ரேசர் முழுதாக உதவாது. தேர்வில் அதற்கு 10 சதவீதம் இருப்பதால் அந்தப் பகுதியைத் தனியாக நடத்த வேண்டும். அதிக எடை ஐபி கனெக்டிவிட்டிக்கு (ரவுட்டிங் பகுதி), 25 சதவீதம். உழைப்பையும் அங்கே வையுங்கள்.

தேர்வு 200-301, 120 நிமிடம். கட்டணம் 300 டாலர். அதன் மேல் வரி சேர்ந்து நம் பணத்தில் முப்பதாயிரத்தை ஒட்டி வரும். அகாடமி வழியாகப் படித்து, இறுதித் தேர்வில் கேட்கும் மதிப்பெண் எடுப்பவர்களுக்குத் தள்ளுபடி கூப்பன் உண்டு. வகுப்பு தொடங்கும்போதே அந்த விதியைப் படித்துச் சொல்லிவிடுங்கள். தேர்வில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. வீட்டிலிருந்தும் எழுதலாம், ஆனால் நடுவில் கரண்ட் போகிற ஊரில் அந்த விஷப்பரீட்சை எதற்கு? கோவையில் இந்தத் தேர்வை நடத்தும் பியர்சன் வியூ மையம் இருக்கிறது, அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடலாம்.

நம் ஆட்களுக்கு அங்கே வரும் பெரிய சிக்கல் இனிஷியல். பதிவில் மணிகண்டன் கே என்றும் அடையாள அட்டையில் மணிகண்டன் கிருஷ்ணன் என்றும் இருந்தால் உள்ளே விடாமல் போகலாம், கட்டணமும் போகும். தேர்வுக்கு எடுத்துப் போகிற அசல் பாஸ்போர்ட்டையோ ஓட்டுநர் உரிமத்தையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து பதிவு செய்ய வேண்டும். தவறிவிட்டால், அதாவது தோற்றுவிட்டால், 5 நாள் கழித்து மறுபடி எழுதலாம்; கட்டணம் மறுபடி முழுசு.

மற்ற தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. யூடெமி வீடியோக்கள் சலுகை நாளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், திருப்பிப் பார்க்க நல்லது. ஆனால் அது தரும் சான்றிதழ் பாடத்தைப் பார்த்து முடித்ததற்கு மட்டும், சி.சி.என்.ஏவுக்கு ஈடாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கிளவுட் பக்கம் போக நினைப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் லேர்ன் இலவசம், எழுத்து தெளிவு. அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ் அகாடமியின் லேப் அருமையானது, ஆனால் கல்வி நிறுவனமாகச் சேர்ந்திருந்தால்தான் கிடைக்கும். தனியார் சிறு மையத்துக்கு எட்டாது. பொள்ளாச்சி, கோவைக் கல்லூரிகளுக்குப் போய்ப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தில் என்ன பாடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்து சேரட்டும். கல்லூரியிலேயே கிடைப்பதற்கு இங்கே இன்னொரு முறை ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை.