ஸ்டிலெட்டோ, பிளாட்ஃபார்ம், கிட்டன் ஹீல், பாலே பிளாட்: சிவப்புக் கம்பளத்தில் எது தாங்கும்?

கான் திரைப்பட விழா அரங்கின் முகப்பில் 24 படிகள். முழுக்கக் கம்பளம். இரு பக்கமும் கேமராக்கள் இருப்பதால் குனிந்து பார்த்து அடியெடுத்து வைக்க முடியாது. தரை தொடும் கவுனோடு அந்தப் படிகளில் ஏறி, நின்று, திரும்பி, இறங்க எந்தக் காலணி சரி என்பதுதான் இங்கே கேள்வி.

கடையிலும் சரி, பத்திரிகையிலும் சரி, முதலில் சொல்லப்படுவது ஹீல் எத்தனை அங்குலம் என்ற கணக்கு. அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது சரிவு: குதியின் (ஹீலின்) உயரத்திலிருந்து முன்பாதத்துக்கு அடியில் உள்ள சோலின் தடிமனைக் கழித்தால் வருவது. இரண்டாவது, குதியின் அடிமுனை எத்தனை அகலம். மூன்றாவது, காலணி பாதத்தை எத்தனை இடங்களில் பிடித்திருக்கிறது.

ஊசிபோல் மெல்லிய, உயரமான குதி கொண்ட ஸ்டிலெட்டோவில் முதல் இரண்டுமே பாதகம். 1950களில் ரோஜர் விவியே போன்ற காலணி வடிவமைப்பாளர்கள் குதியை இவ்வளவு மெல்லியதாக்க முடிந்தது, உள்ளே உலோகத்தை வைத்துத் தாங்கவிட்டதால். இன்றும் கடினப் பிளாஸ்டிக் குதிக்குள் எஃகுக் கம்பி ஒன்று இறங்குகிறது. பாத வளைவுக்கு அடியில் எஃகுப் பட்டை ஒன்று ஓடுகிறது. அடிமுனையின் அகலம் 8 முதல் 10 மில்லிமீட்டர்தான். சுண்டுவிரல் நகம் அளவான அந்த இடத்தின் வழியாகத்தான் உங்கள் எடையில் குதிக்கு வரும் பங்கு தரையில் இறங்குகிறது. நடிகை ஸெண்டாயா அடிக்கடி அணியும், லூபூட்டன் நிறுவனத்தின் ‘சோ கேட்’ 12 சென்டிமீட்டர் குதி கொண்டது. முன்பாதத்துக்கு அடியில் பிளாட்ஃபார்ம் எனும் தடித்த மேடை கிடையாது. ஆகவே சரிவும் ஏறக்குறைய முழு 12. வெறுங்காலில் நிற்கும்போது எடையில் பாதிக்கு மேல் குதிகாலில் இருக்கும். இந்தச் சரிவில் அது முன்பாதத்துக்குப் போய்விடுகிறது.

படத்தில் கால் நீளமாகத் தெரிவதும், கெண்டைச்சதை இறுகி நிற்பதும் இதனால்தான். அந்த அழகில் ஸ்டிலெட்டோவுக்குப் போட்டியே இல்லை. ஆனால் பாதம் முன்னோக்கி வழுக்கிக்கொண்டே இருக்கும். விரல்கள் கூம்பு முனையில் நெருக்குண்டு, பின்னால் குதிகாலுக்கும் காலணிக்கும் இடையே இடைவெளி விழும். ‘பெரிதாக இருக்கிறது’ என்று பலரும் ஒரு அளவு குறைத்து வாங்குவது இந்த இடத்தில்தான். அதனால் நெருக்கடி கூடுமே தவிர வழுக்கல் நிற்காது. இடைவெளியை அடைக்கப் பின்பக்கம் பட்டை ஒட்டுவதும் பாதி வைத்தியம்தான். முன்பாதத்துக்கு அடியில் 2–3 மில்லிமீட்டர் ஜெல் பேடு வைத்தால் பாதம் பின்னுக்குத் தள்ளப்பட்டு இடைவெளி தானாக மூடும்.

வார் இல்லாத, முன்புறம் மூடிய பம்ப்பைவிட, கணுக்கால் வார் உள்ள ஸ்டிலெட்டோ சாண்டல் எவ்வளவோ மேல். விரல்மேல் ஒரு பட்டை, கணுக்காலில் ஒரு வார்: ஸ்டூவர்ட் வைட்ஸ்மனின் ‘நூடிஸ்ட்’ பிரபலமாக்கிய இந்த வடிவம் கம்பளங்களில் விடாமல் தென்படுவதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல, அது பாதத்தை இரண்டு இடங்களில் பிடிக்கிறது. முன்பட்டை எங்கே விழுகிறது என்று பாருங்கள். விரல்கள் பாதத்தோடு சேரும் மூட்டுக்கு மேல் அமர்ந்தால் சரி. அதைத் தாண்டி விரல்களின் மேல் விழுந்தால் பத்தடிக்குள் சுண்டுவிரல் வெளியே வந்துவிடும்.

பிளாட்ஃபார்மில் கணக்கு மாறுகிறது. 15 சென்டிமீட்டர் குதி, முன்னால் 5 சென்டிமீட்டர் மேடை என்றால் சரிவு 10தான். உயரம் கூடி, வலி குறைகிறது. 2021 வாக்கில் வெர்சாச்சியின் ‘மெடூசா ஏவிடாஸ்’ வந்தபோதும், 2022இல் வாலண்டினோ தன் இளஞ்சிவப்புத் தொகுப்பில் உயரமான பிளாட்ஃபார்ம்களைக் காட்டியபோதும் நட்சத்திரங்கள் அவற்றைப் பாய்ந்து எடுத்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. குதியும் பெரும்பாலும் தடித்த கட்டையாக இருப்பதால் கம்பளத்தில் புதையாது.

ஆனால் பாதத்துக்கும் தரைக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர் கட்டி இருந்தால் தரை எப்படி இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது. கம்பள மடிப்பு, படியின் விளிம்பு, தரையில் ஓடும் ஒயர் எதுவும் உணர்வுக்கு எட்டாது. அந்த மேடை வளையவும் செய்யாது. வளையாத சோலில் நடக்க வேண்டுமானால் முனை சற்று மேல்நோக்கி உருண்டிருக்க வேண்டும். மேசையில் காலணியை வைத்துப் பாருங்கள்: முன்முனை தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தூக்கியிருக்கட்டும். தட்டையாக ஒட்டி நிற்கும் பிளாட்ஃபார்மில் ஒவ்வோர் அடியையும் தூக்கித் தூக்கி வைக்க வேண்டிவரும். படியில் இடறுவது அப்படித்தான். பக்கவாட்டில் சாய்ந்தால் கணுக்கால் பிசகும் தூரமும் உயரத்தோடு கூடுகிறது. 1993இல் பாரிஸ் மேடையில் விவியன் வெஸ்ட்வுட்டின் ராட்சத பிளாட்ஃபார்மோடு நவோமி கேம்பல் விழுந்த படம் உலகப் புகழ் பெற்றது. நடையே தொழிலாகக் கொண்டவருக்கு நேர்ந்தது அது. கணுக்கால் வார் இல்லாத பிளாட்ஃபார்மை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

கிட்டன் ஹீல் 3.5 முதல் 5 சென்டிமீட்டர். பின்வார் மட்டும் உள்ள ஸ்லிங்பேக் வடிவத்தில் இப்போது எங்கும் கிடைக்கிறது. சரிவு குறைவு, முன்பாதத்துக்கு நிம்மதி. முழங்காலுக்குக் கீழே முடியும் உடை, பேன்ட் சூட் இரண்டுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. குறை இரண்டு. குதி குட்டை என்றாலும் அடிமுனை ஸ்டிலெட்டோ போலவே சிறியது, ஆகவே பலகை இடுக்கில் மாட்டும். பின்வாரோ நடக்க நடக்கக் கீழே நழுவும். பக்கிளுக்கு அருகே சிறு எலாஸ்டிக் துண்டு வைத்த ஜோடியைத் தேடுங்கள், வாரின் உட்புறம் சிலிக்கான் பட்டை ஒட்டுங்கள். வாங்கும்போது இன்னொரு சோதனை: காலணியைத் தட்டையான மேசையில் வைத்துக் குதிகால் அமரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். முன்முனை மேலே எழும்பினால் குதி தவறான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்த ஜோடி வேண்டாம்.

குதியே இல்லாத பாலே பிளாட்டுக்குச் சிவப்புக் கம்பளத்தில் இடம் எளிதாகக் கிடைக்கவில்லை. 2015இல் கானில் ஹீல்ஸ் அணியாத பெண்கள் சிலர் ஒரு திரையிடலில் தடுக்கப்பட்டதாகச் செய்தி பரவியது. அப்படி விதி இல்லை என்று விழாத் தரப்பு மறுத்தது. அடுத்த ஆண்டு ஜூலியா ராபர்ட்ஸ் வெறுங்காலோடு அதே படிகளில் ஏறினார். 2018இல் கிறிஸ்டன் ஸ்டூவர்ட் கம்பளத்திலேயே ஹீல்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஆஸ்கரில் 2019ஆம் ஆண்டு நடிகை பிரான்சஸ் மெக்டார்மண்ட் பிர்கென்ஸ்டாக் எனும் தட்டைச் செருப்பில் வந்தார். 2025இல் கான் வெளியிட்ட உடை விதிகள் குதி உள்ள, இல்லாத நேர்த்தியான காலணி இரண்டையும் ஏற்கின்றன, ஸ்னீக்கருக்குத்தான் தடை. பெண்கள் பத்தாண்டு முணுமுணுத்துப் பெற்ற இந்த மாற்றம் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

மியு மியுவின் சாட்டின் பாலே பிளாட்டும் அலாயாவின் வலைத்துணி பிளாட்டும் இதற்கிடையே பெரும் மோகமாகிவிட்டன. ஆனால் பிளாட் என்றாலே சுகம் என்று எண்ண வேண்டாம். பலவற்றில் சோலின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். வளைவுக்கு முட்டு இல்லை. மூன்று மணி நேரம் கல்தரையில் நின்றால் குதிகால் வலிக்கும். தினமும் ஹீல்ஸ் அணிபவர்களின் கெண்டைத்தசை சுருங்கியிருப்பதால், திடீரென்று முழுத் தட்டைக்கு மாறும் அன்று பின்னங்கால் தசைநார் இழுக்கும். அவர்களுக்கு 2 சென்டிமீட்டர் குதியே நல்லது. 3 மில்லிமீட்டர் நுரை இன்சோல் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒப்பீட்டைவிட முக்கியமானது கவுனின் நீளம். கடைசி அளவு பார்க்கும் நாளில் எந்தக் காலணியோ அதற்கேற்பத்தான் தையற்காரர் கீழ் ஓரத்தை மடிப்பார். முன்பக்கம் தரையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தூக்கியிருந்தால் நடக்கத் தடை இராது. 12 சென்டிமீட்டருக்கு மடித்த கவுனோடு 5 சென்டிமீட்டர் கிட்டனைப் போட்டால் கவுன் 7 சென்டிமீட்டர் இறங்கி, ஐந்தரை சென்டிமீட்டர் துணி தரையில் புரளும், அதை மிதித்தே விழ நேரும். 2023இல் கானில் ஜெனிஃபர் லாரன்ஸ் சிவப்பு டியோர் கவுனைத் தூக்கிப் படியிறங்கியபோது உள்ளே ரப்பர் செருப்பு தெரிந்தது. எதிர்ப்பு என்று உலகம் பேசியது. தன் ஹீல்ஸ் ஒரு அளவு பெரிது என்பதுதான் பின்னர் அவர் சொன்ன காரணம். மாலையில் பாதம் சற்று வீங்கும் என்பதால் காலணியை மாலையில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். அரை அளவு பெரிதானால் பேடு வைத்துச் சமாளிக்கலாம். முழு அளவு பெரிதானால் முடியாது.

ஆக, தரை தொடும் கவுன், படிகள், நீண்ட நேரம் நிற்றல் என்றால் கணுக்கால் வார் உள்ள, 3 சென்டிமீட்டருக்கு மிகாத மேடை கொண்ட, கட்டைக் குதி பிளாட்ஃபார்ம். கால் தெரியும் உடை, ஒரு மணி நேரப் படப்பிடிப்பு, சமதளம் என்றால் ஸ்டிலெட்டோ சாண்டல். பேன்ட் சூட்டுக்கு கிட்டன். திருமண வரவேற்பு மேடையில் நிற்பவர்களுக்கும் முதலாவதே பொருந்தும். கம்பளத்துக்கு அடியில் பலகைகளின் இடுக்கு இருக்கும், மெல்லிய குதி அதற்குள் இறங்கிவிடும்.

எதை எடுத்தாலும் புதிய தோல் சோல் வழுக்கும். 100 எண் உப்புத்தாளால் முன்பாதப் பகுதியைக் குறுக்குவாட்டில் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், அல்லது 1 மில்லிமீட்டர் ரப்பர் சோல் ஒட்டச் சொல்லுங்கள். விழாவுக்கு முந்தைய வாரம் வீட்டில் காலுறையோடு தினம் இருபது நிமிடம் நடந்தால் எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் கொப்புளம் வரும் முன்பே பட்டை ஒட்டலாம். பழைய ஜோடி என்றால் அடிமுனையைத் திருப்பிப் பாருங்கள். பிளாஸ்டிக் தேய்ந்து உள்ளிருக்கும் கம்பி தெரிந்தால், அது பளிங்குத் தரையில் வழுக்கிவிடும். செருப்புத் தைப்பவரிடம் இரண்டு முனைகளையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு கால்களின் உயரமும் ஒத்துவராது.