நிலத்துண்டு வரைபடத்தைப் பகிர எது சரி: ஃபைலா, பொதுக் களஞ்சியமா, நேரடி சேவையா?

ஒரு நிலத்துண்டு இரண்டாக உட்பிரிவு ஆகிறது என்று வையுங்கள். நில அளவைப் பிரிவில் அன்றைக்கே கோடு போட்டு இரண்டு புது எண் கொடுத்துவிடுகிறார்கள். சொத்துவரிப் பிரிவுக்கு அது மூன்று மாதம் கழித்துப் போய்ச் சேருகிறது, குடிநீர்ப் பிரிவின் வரைபடத்தில் அடுத்த வருடமும் பழைய ஒற்றைத் துண்டுதான் கிடக்கிறது, தீயணைப்பு வண்டியில் இருக்கும் திரையிலோ புது வீட்டின் முகவரியே கிடையாது. நாலு பேரிடமும் வரைபடம் இருக்கிறதா என்று கேட்டால் நாலு பேருமே இருக்கிறது என்பார்கள். இருக்கத்தான் செய்கிறது, நாலு வெவ்வேறு வரைபடமாக.

இந்தச் சிக்கலுக்கு உள்ளாட்சி அமைப்புகள் வழக்கமாக எடுக்கும் வழி மூன்று: கேட்டவருக்குக் கேட்டபோது ஃபைல் அனுப்புவது, எல்லோருடைய தரவையும் ஓர் இடத்தில் சேர்த்து ஒரே வரைபடமாக்குவது, அவரவர் சர்வரிலிருந்து நேரடி இணையச் சேவையாகத் திறந்துவிடுவது. மூன்றையும் ஒப்பிட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். பயன்படுத்துகிற ஒருவர் தப்பான கோட்டைப் பார்த்துவிட்டார். அதைத் திருத்தும் அதிகாரம் உள்ளவரிடம் அந்தச் செய்தி எப்படிப் போகும், திருத்தியது எப்படித் திரும்பி வரும்? வேகம், செலவு, மென்பொருள் எல்லாம் அப்புறம்.

முதலில் ஃபைல். இதைக் கேலி செய்வது சுலபம், ஆனால் இன்னமும் மிக அதிகமாக நடப்பது இதுதான். ஒப்பந்தம் தேவையில்லை, சர்வர் தேவையில்லை, இணையம் போனாலும் கையில் பிரதி இருக்கும். ஒரு குறிப்பிட்ட நாளில் நிலவரம் எப்படி இருந்தது என்று நாளைக்கு ஒரு வழக்கில் கேட்டால் எடுத்துக் காட்டலாம். கடைசியாகச் சொன்ன வசதி நேரடி சேவையில் தானாக வராது.

தொல்லை ஆரம்பிப்பது ஃபைலுக்குள். பெரும்பாலும் வருவது ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வடிவம், 1990-களின் சரக்கு. அதன் அட்டவணையில் ஒரு பத்தியின் (column) பெயர் 10 எழுத்துக்கு மேல் போகாது, ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது, குறைந்தது மூன்று கோப்புகள் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். அது போக ஆயத்தொலை முறையை, அதாவது புள்ளிகள் பூமியில் எங்கே என்று எந்தக் கணக்கில் குறித்திருக்கிறது என்பதைச் சொல்லும் நாலாவது கோப்பை அனுப்ப மறந்துவிடுவார்கள், எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் ஐந்தாவதை யாருமே நினைப்பதில்லை, ஆங்கிலம் அல்லாத பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். 2014-இல் தரநிலையாக வந்த ஜியோபேக்கேஜ் என்ற வடிவம் ஒரே கோப்பில் இதையெல்லாம் அடக்கிவிடுகிறது. இருந்தும் பழக்க தோஷம் விடுவதாக இல்லை. எனக்கு ஒரு முறை வந்த கோப்பில் பாதித் துண்டுகள் வரிப் பட்டியலோடு பொருந்தவே இல்லை, இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் தெரிந்தது, அனுப்பியவர் இடையில் எக்செலில் ஒரு தடவை திறந்து சேமித்திருக்கிறார். நில எண்ணின் முன்னால் இருந்த பூஜ்யங்களை எக்செல் சாப்பிட்டுவிட்டது.

அளவு அலகும் காலை வாரும். அமெரிக்காவில் 2022 முடிவு வரை அதிகாரப்பூர்வமாகவே இரண்டு வகை அடி இருந்தது: சர்வே அடி, சர்வதேச அடி. வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான், ஒரு வீட்டு மனையை அளந்தால் தெரியவே தெரியாது. ஆனால் ஆயத்தொலை மதிப்பு 20 லட்சம் அடி என்று இருக்கும்போது எந்த அடி என்று சொல்லாமல் கோப்பை அனுப்பினால், வரைபடம் முழுக்க 4 அடி நகர்ந்துவிடும். 4 அடி என்பது ஒரு சுவர்ச் சண்டைக்குத் தாராளமாகப் போதும்.

என் அளவுகோலில் ஃபைல் முறை தோற்பது இதனாலெல்லாம் இல்லை, இவற்றை ஒழுங்காகச் செய்தால் சரியாகிவிடும். தப்பைப் பார்த்தவர் என்ன செய்வார்? தன் பிரதியில் திருத்திக்கொள்வார். அவசர வேலை, யாரிடம் சொல்வது என்றும் தெரியாது. அடுத்த முறை புது ஃபைல் வரும்போது அவருடைய திருத்தம் அழியும், மறுபடி திருத்துவார், மூன்றாவது முறை சலித்துப்போய்ப் புது ஃபைலே வேண்டாம் என்று பழையதோடு நின்றுவிடுவார். குடிநீர்ப் பிரிவில் அடுத்த வருடமும் பழைய துண்டு இருப்பதன் ரகசியம் பல இடங்களில் இதுதான்.

இரண்டாவது, பொதுக் களஞ்சியம். இதற்கு நல்ல உதாரணங்கள் அமெரிக்காவில்தான் அதிகம், ஏனென்றால் அங்கே நிலத்துண்டு வரைபடம் கவுண்டி என்ற மாவட்ட அளவிலான உள்ளாட்சியின் கையில் சிதறிக் கிடக்கிறது. மினியாபொலிஸ், செயின்ட் பால் வட்டாரத்தில் ஏழு கவுண்டிகளின் தரவை மெட்ரோஜிஐஎஸ் என்ற கூட்டமைப்பின் கீழ் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே வடிவத்தில் சேர்த்துவந்தார்கள். விஸ்கான்சின் மாநிலம் 72 கவுண்டிகளிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை வாங்கி 35 லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை ஒரே வரைபடமாக வெளியிடுகிறது; 2013-இல் சட்டம், 2015-இல் முதல் வெளியீடு. அதற்கான பணம் பத்திரப் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்காக வருகிறது. இந்த விவரத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். தரவு கொடுக்கிற சின்ன கவுண்டிக்கும் அந்தப் பணத்திலிருந்து மானியம் போகிறது. காசு கொடுக்காமல் "கொடு கொடு" என்று மட்டும் கேட்கும் களஞ்சியங்களுக்கு முதல் வருடம் உற்சாகமாகத் தரவு வரும், மூன்றாம் வருடம் மின்னஞ்சலுக்குப் பதில்கூட வராது.

சேர்ப்பதில் உண்மையான கஷ்டம் எல்லையோரத்தில். இரண்டு அமைப்புகள் சந்திக்கும் கோட்டை இரண்டு பேரும் தனித்தனியாக அளந்து வரைந்திருப்பார்கள், ஒட்டிப் பார்த்தால் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நீளக் கீற்று இருக்கும், அல்லது ஒரே இடத்தை இருவருமே வைத்திருப்பார்கள். களஞ்சியக்காரர் அதைத் தன் இஷ்டத்துக்கு இழுத்து ஒட்டிவிடலாம், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அப்படிச் செய்த அன்றே அது யாருடைய வரைபடமும் இல்லாத இன்னொரு வரைபடம் ஆகிவிட்டது. கீற்றை அப்படியே விட்டுவிட்டு இரண்டு அலுவலகத்துக்கும் படம் போட்டு அனுப்புவதுதான் சரி என்பது என் கட்சி.

அடுத்த சண்டை பத்திகளைப் பற்றி. உரிமையாளர் பெயர் ஒரு பத்தியா இரண்டா, "காலி மனை" என்று ஒருவர் சொல்வதும் "விவசாயம்" என்று இன்னொருவர் சொல்வதும் ஒன்றா. ஐஎஸ்ஓ 19152 என்று 2012-இல் வந்த நில நிர்வாகத் தரநிலை இருக்கிறது, ஐரோப்பாவில் புவியியல் தரவைப் பகிர்வதற்கான 2007-இன் இன்ஸ்பயர் ஆணை நிலத்துண்டுகளை முதல் பட்டியலிலேயே சேர்த்தது. பொதுச் சொற்கள் கிடைக்க இவை உதவும். நடைமுறையில், பத்துப் பன்னிரண்டு பத்திகளுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டால் அதுவே பெரிய வெற்றி. மீதியை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள்.

என் அளவுகோலில் இது எப்படி? விஸ்கான்சின்காரர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். கவுண்டிகள் தரவை அனுப்பும் முன்பே ஓட்டிப் பார்க்க ஒரு சரிபார்ப்புக் கருவி கொடுத்துவிட்டார்கள். இரட்டை எண், வெற்றுப் பத்தி, வரிசை மாறிய முகவரி எல்லாம் மூலத்திலேயே பிடிபட்டு, திருத்தும் அதிகாரம் உள்ளவர் கையாலேயே திருத்தப்படுகிறது. ஆனால் வெளியே பயன்படுத்துபவர் கண்டுபிடிக்கும் பிழைக்கு ஆண்டுக்கு ஒரு வெளியீடு என்பது ரொம்பத் தாமதம். உட்பிரிவு ஆன மறுவாரம் தீப்பிடித்தால் வருடாந்திர வரைபடம் கைகொடுக்காது.

அதனால்தான் மூன்றாவதைப் பலர் தூக்கிப்பிடிக்கிறார்கள். அலுவலகத்தில் காலையில் கோடு மாறினால் மதியம் எல்லோர் திரையிலும் மாறும். பிரதியே கிடையாது, ஆகவே பிரதி பழசாகும் பிரச்சினையும் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது, ஒரே அலுவலகத்தின் தரவு மட்டும் போதும் என்றால் நிஜமாகவே நன்றாகவும் இருக்கும்.

பல அலுவலகம் என்றால்தான் கணக்கு உதைக்கிறது. பன்னிரண்டு அமைப்புகள், ஒவ்வொன்றின் சர்வரும் நூற்றுக்கு 99 நேரம் ஓடுகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டும் ஒரே நேரத்தில் ஓடும் வாய்ப்பு 88.6 சதவீதம்தான். அதாவது ஒன்பது தடவை திறந்தால் ஒரு தடவை வரைபடத்தில் எங்கோ ஓர் ஓட்டை. இதற்கு மேல், பல சர்வர்கள் ஒரு கேள்விக்கு 1000 அல்லது 2000 பதிவுதான் கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அது தெரியாத ஆய்வாளர் 2000 துண்டை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க ஆராய்ந்துவிட்டதாக நினைப்பார், பிழைச் செய்தி எதுவும் வராது. வெள்ளத்திலோ புயலிலோ முதலில் போவது மின்சாரமும் இணையமும், நிலத்துண்டு வரைபடம் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான். இன்னொன்று, நேரடி சேவை என்பதால் பத்திகள் ஒன்றாகிவிடப் போவதில்லை. பன்னிரண்டு பேரின் பன்னிரண்டு வகைக் குழப்பம் இப்போது உடனுக்குடன் கிடைக்கும், அவ்வளவுதான்.

பிழையைத் திருப்பிச் சொல்ல இது வசதியாக இருக்கலாம், ஏனென்றால் பார்ப்பதே மூலத்தை. ஆனால் சேவையை அமைத்தவர்கள் பெரும்பாலும் படிக்க மட்டும்தான் வழி வைக்கிறார்கள். "இந்தக் கோடு தப்பு" என்று குத்திக் காட்ட ஒரு பொத்தான் வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

தொழில்நுட்பம் இருக்கட்டும், யாருக்குக் கொடுப்பது, காசுக்கா சும்மாவா என்ற சண்டை இதைவிடப் பழசு. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி தன் நிலத்துண்டுத் தரவுக்கு உரிமக் கட்டணமாக 3,75,000 டாலர் கேட்டது. சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. 2013-இல் மாநில உச்ச நீதிமன்றம், மென்பொருளுக்கு வேண்டுமானால் பொது ஆவணச் சட்டத்தில் விதிவிலக்கு இருக்கலாம், அதில் இருக்கும் தரவு பொது ஆவணம்தான் என்று சொல்லிவிட்டது. டென்மார்க் அதே 2013-இன் தொடக்கத்தில் நில வரைபடம் உட்பட அடிப்படைப் புவியியல் தரவுகளை இலவசமாக்கியது. விற்பவர்கள் வருமானத்தை மட்டும் கணக்கில் எழுதுகிறார்கள், ஒப்பந்தம் போட ஆகும் வக்கீல் நேரத்தை எழுதுவதில்லை. பத்து அமைப்புகள் ஒன்றோடொன்று தனித்தனியாக ஒப்பந்தம் போட்டால் 45 ஒப்பந்தம், நடுவில் ஒரு களஞ்சியம் இருந்தால் 10, திறந்துவிட்டால் ஒன்றுமே இல்லை. இதற்கிடையில் தனியார் நிறுவனங்கள் கவுண்டி கவுண்டியாக வாங்கிச் சேர்த்து, சீராக்கி, அமெரிக்க மத்திய அரசுத் துறைகளுக்கே உரிமம் கொடுத்து விற்றிருக்கின்றன. பொதுப் பணத்தில் அளந்ததைப் பொதுப் பணத்திலேயே திரும்ப வாங்குகிற வேடிக்கை.

எல்லாவற்றையும் திறந்துவிடு என்றும் சொல்ல மாட்டேன். 2020 ஜூலையில் நியூஜெர்சியில் ஒரு கூட்டாட்சி நீதிபதியின் வீட்டு வாசலுக்கு வந்தவன் அவருடைய மகனைச் சுட்டுக் கொன்றான். அதே ஆண்டு மகனின் பெயரால் டேனியல் சட்டம் வந்தது, நீதிபதிகள், காவல் துறையினர் போன்றவர்களின் வீட்டு முகவரியை வெளியிடத் தடை. அதன் பிறகு அந்த மாநிலத்தின் பொது நிலத்துண்டுத் தரவில் உரிமையாளர் பெயர் வருவதில்லை. பெயரையும் எல்லைக்கோட்டையும் ஒரே அட்டவணையில் கட்டிப்போட்டவர்கள் இப்படி ஒரு சட்டம் வந்தால் முழுவதையும் மூட வேண்டியிருக்கும். கோடும் எண்ணும் ஒரு பக்கம், பெயர் இன்னொரு பக்கம், இரண்டையும் சேர்க்க எண் மட்டும் என்று முதலிலேயே பிரித்து வைத்தவர்களுக்கு ஓர் அட்டவணையை மறைத்தால் வேலை முடிந்தது.

சரி, எதை எடுப்பது? வரைபட வேலைக்கு ஒரே ஓர் ஆள் இருக்கும் சின்ன அமைப்பு என்றால் நேரடி சேவை கனவே வேண்டாம். மாதம் ஒரு ஜியோபேக்கேஜை, தேதி போட்டு, சரிபார்ப்புக் கருவியில் ஓட்டி, களஞ்சியத்துக்கு அனுப்பினால் போதும். ஆள்பலம் உள்ள பெரிய நகராட்சி நேரடி சேவை நடத்தலாம், ஆனால் களஞ்சியம் அதிலிருந்து தினமும் இரவில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்துபவர்கள் அந்தப் பிரதியைத் தொடட்டும், அவசரப் பிரிவுகள் தங்கள் கணினியிலேயே இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளட்டும். மூன்று வழியில் நடுவில் இருப்பதற்குத்தான் என் ஓட்டு, மற்ற இரண்டும் அதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழாய்கள்.

ஆனால் எதை எடுத்தாலும் நெதர்லாந்திலிருந்து ஒரு விதியைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே அரசு அமைப்புகள் நில வரைபடம் போன்ற அடிப்படைப் பதிவேடுகளைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும், அதில் தப்பு இருப்பதாக நியாயமான சந்தேகம் வந்தால் பதிவேட்டுக்காரரிடம் திருப்பிச் சொல்வதும் கட்டாயம். தன் பிரதியில் திருத்திக்கொண்டு சும்மா இருக்க முடியாது. உங்கள் பகிர்வு ஒப்பந்தத்தில் இதற்கு மூன்றே வரி போதும்: பிழை எந்தப் பதவியில் இருப்பவருக்குப் போகும், எத்தனை நாளில் அவர் பதில் சொல்ல வேண்டும், திருத்த மறுத்தால் காரணத்தை அந்தத் துண்டின் பதிவிலேயே எழுத வேண்டும். கோப்பு வடிவத்தைப் பற்றிய பின்னிணைப்பை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.